ஒரே ப்ராசஸர், இரண்டு வெப்பநிலை: 58-ஐ நம்புவதா, 38-ஐ நம்புவதா?

வெயிலூரான்:
செகண்ட் ஹேண்டில் ஏஎம்டியின் ரைசன் 7 1700எக்ஸ் ப்ராசஸர் வாங்கிப் போட்டிருக்கிறேன். வேலை எதுவும் கொடுக்காமல் விட்டிருக்கும்போதே ஒரு மென்பொருள் 58 டிகிரி என்கிறது, இன்னொன்று 38 என்கிறது. அறையில் 32. ப்ராசஸர் மேல் பூசும், வெப்பம் கடத்தும் பேஸ்ட்டைத் துடைத்து மறுபடி போட்டும் மாற்றமில்லை. ஃபேன் ராத்திரியெல்லாம் இரைகிறது. எதை நம்புவது?

பழைய ஸ்பேனர்:
58. இருபது வருஷமாக அசெம்பிள் செய்கிறேன், அதனால் சொல்கிறேன். பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் போர்டின் அமைப்புத் திரைக்குள் போங்கள், அங்கே காட்டுவதுதான் கணக்கு. போர்டு செய்தவனுக்குத் தெரியாதது வெளியே மென்பொருள் எழுதுபவனுக்கு எப்படித் தெரியும்? குறைத்துக் காட்டுவதை நம்பி உட்கார்ந்தால் போவது உங்கள் ப்ராசஸர்.

கயல்:
ஏற்க முடியவில்லை அண்ணா. இடைவெளி சரியாக 20 என்பதைக் கவனியுங்கள். 2017இல் 1700எக்ஸும் 1800எக்ஸும் வந்தபோது ஏஎம்டியே சொன்னது இது: இந்த இரண்டும் உள்ளே இருக்கும் வெப்பத்தோடு 20 டிகிரி கூட்டித்தான் வெளியே சொல்லும். கூட்டிய எண்ணுக்கு டிசிடிஎல் என்று பெயர், கூட்டாததற்கு டிடை. வெறும் 1700-க்கு இந்தக் கூட்டல் கிடையாது. 2018இல் வந்த 2700எக்ஸுக்கு 10. உங்கள் முதல் மென்பொருள் அதைக் கழிக்கவில்லை, அவ்வளவுதான். எச்டபிள்யூ இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுப் பாருங்கள், இரண்டையும் தனித்தனியாகக் காட்டும்.

பயாஸ் விஷயமும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் வேலையில்லாத கோர்களைத் தூங்க வைக்கும். பயாஸ் திரையில் பெரும்பாலும் அது நடப்பதில்லை. அங்கே கூடுதலாகத் தெரிவது இயல்பு.

பழைய ஸ்பேனர்:
கம்பெனிக்காரன் வேலை மெனக்கெட்டு 20 ஏன் கூட்ட வேண்டும்?

கயல்:
ஃபேனுக்காக. ஏஎம்4 சாக்கெட்டில் உட்காரும் எல்லா ரைசனுக்கும் உச்ச டிசிடிஎல் ஒன்றாக இருந்தால் ஃபேன் விதியும் ஒன்றாக வைக்கலாம்.

பழைய ஸ்பேனர்:
பார்த்தீர்களா! ஃபேன் 58-இன் பேச்சைத்தான் கேட்கிறது. அப்படியென்றால் நாமும் அதைத்தான் பார்க்க வேண்டும்.

கோர்டூ ரசிகன்:
நான் இன்டெல் பக்கம். எனக்கு இரண்டு பேர் சொல்வதும் பாதிதான் சரி. இன்டெல் சென்சார் வெப்பத்தைச் சொல்வதே இல்லை. உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி மீதி என்று மட்டும் சொல்லும். பழைய கோர் 2 ப்ராசஸர்கள் காலத்தில் அந்த வரம்பைச் சிப்பிலிருந்து படிக்க வழியில்லாததால், மென்பொருள் எழுதியவர்கள் 85, 100 என்று ஊகித்துப் போட்டார்கள். ஊகம் 15 தவறினால் காட்டுவதும் 15 தவறும். 2008இல் நெஹாலம் என்ற அடுத்த தலைமுறை வந்த பிறகுதான் சிப்பே வரம்பைச் சொன்னது. இன்றும் அந்த சென்சார் வரம்பின் அருகில்தான் துல்லியம். சும்மா இருக்கும்போது காட்டும் எண்ணுக்காகச் சண்டை போடுவது வீண். சுமை கொடுத்து, வரம்புக்கு எவ்வளவு இடம் மீதி என்று பாருங்கள்.

வெயிலூரான்:
நேற்று நண்பரின் அகச்சிவப்பு வெப்பமானியை ஹீட்சிங்க் (ப்ராசஸரின் வெப்பத்தை இழுக்கும் உலோகக் கட்டி) மேல் காட்டினேன், 33 என்றது. அப்போது 38-உம் தப்பா?

கயல்:
பளபளக்கும் உலோகத்தில் அந்தக் கருவி ஏமாறும். எதிரே இருப்பதன் வெப்பத்தைப் பிரதிபலித்துக் காட்டும். கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் அளக்க வேண்டும். அப்படி அளந்தாலும் அது ஹீட்சிங்கின் வெப்பம். சிலிக்கான் அதைவிடச் சூடாகத்தான் இருக்கும்.

இதைச் செய்யுங்கள். முழுச் சுமை கொடுத்து இரண்டு எண்களையும் பாருங்கள். வெவ்வேறு இடத்தில் இருக்கும் இரண்டு சென்சார் என்றால் இடைவெளி மாறும். ஒரே சென்சாரோடு கூட்டியது என்றால் 20-லேயே நிற்கும்.

வெயிலூரான்:
முழுச் சுமை கொடுக்கும் பிரைம்95 மென்பொருளை அரை மணி நேரம் ஓட்டினேன். 86, 66. நிறுத்தியதும் ஒன்றாக இறங்கி மறுபடி 58, 38. கடிகார வேகமும் குறையவில்லை.

பழைய ஸ்பேனர்:
சரி, கூட்டல்தான். ஒப்புக்கொள்கிறேன். 38 உண்மை. ஆனால் பயாஸில் ஃபேன் வளைவை (எந்த வெப்பத்துக்கு எவ்வளவு வேகம் என்பதை) போடும்போது 58-இன் கணக்கில் போடுங்கள் தம்பி. 38-ஐ மனதில் வைத்து 60-இல் முழு வேகம் என்று போட்டிருப்பீர்கள், அதுதான் ராத்திரியெல்லாம் இரைச்சல்.

வெயிலூரான்:
அப்படியேதான் போட்டிருந்தேன் அண்ணா. முழு வேகத்தை 80-க்குத் தள்ளினேன். இப்போது ஃபேன் சத்தமே இல்லை.