கம்பத்தில் சென்சார், வாசற்படியில் தண்ணீர்

செந்தூல்வாசி:
கோலாலம்பூரை ஸ்மார்ட் சிட்டி ஆக்குகிறோம் என்று எல்லா மேடையிலும் பேசுகிறார்கள். எங்கள் தாமான் (குடியிருப்பு) பின்னால் ஓடும் பெரிய லோங்காங்கில் (வடிகாலில்) நீர்மட்டம் பார்க்கும் சென்சார் ஒன்றைக் கம்பத்தில் மாட்டினார்கள். போன மழைக்குத் தண்ணீர் வாசற்படி ஏறிய பிறகும் எச்சரிக்கைச் சங்கு ஊதவில்லை. நடக்க முடியாத அம்மாவை முதுகில் சுமந்துகொண்டு மாடி ஏறினேன். மறுநாள் ஏணி போட்டுப் பார்த்தால், சென்சார் முகத்தில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது! அந்தக் காசுக்கு லோங்காங்கைத் தூர் வாரியிருக்கலாம். இந்த மோகமே தேவையில்லை என்கிறேன்.

பாயான்_பொறியாளர்:
அண்ணே, அம்மா இப்போது நலமா? அதை முதலில் சொல்லுங்கள். ஆனால் உங்கள் முடிவை நான் ஏற்கவில்லை. அந்தக் கருவி ஒலி அலையைக் கீழே அனுப்பி, தண்ணீரில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் வகையாக இருக்கும். முகத்தை மண் அடைத்தால் எதிரொலி வராது. வராதபோது என்ன செய்வது என்பதை அமைத்து வைப்பவன் மனிதன். "கடைசி அளவையே பிடித்துக்கொள்" என்று அமைத்திருந்தால், தண்ணீர் எவ்வளவு ஏறினாலும் திரையில் பழைய எண்தான் நிற்கும்.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் 1972-இலிருந்து பாக்டரிகள் இருக்கின்றன. நான் வேலைக்கு வந்த முதல் வாரம் கற்றுக்கொடுத்ததே இதுதான். அழுத்தமும் வெப்பமும் அளக்கும் கருவிகள் பல 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை மின்சாரம் அனுப்பும். அளவு ஒன்றுமே இல்லாதபோதும் 4 வரும். 0 வந்தால் ஒயர் அறுந்துவிட்டது, ஓடிப்போய்ப் பார் என்று பொருள். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்த, அதன் வாயில் இருக்கும் ஒளித்திரையும் அப்படித்தான். அது பழுதானால் மெஷின் நின்றுவிடும், ஓடாது. கருவி பேசாமல் போனாலே ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறோம். உங்கள் தாமானில் அதை அமைதி என்று எடுத்துக்கொண்டார்கள். கோளாறு அங்கே.

செந்தூல்வாசி:
அம்மா நலம், தம்பி. நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் பாக்டரியில் மெஷின் நின்றால் முதலாளிக்கு நஷ்டம், ஐந்து நிமிடத்தில் ஆள் வருவான். எங்கள் கருவி செத்தால் நஷ்டம் எனக்கு மட்டும். வீட்டு வரி ஆண்டுக்கு இரண்டு முறை தவறாமல் கட்டுகிறேன், ஏணியோடு ஒருவரும் வரவில்லையே.

பாயான்_பொறியாளர்:
அப்படியானால் கோலாலம்பூரில் வண்டிகளும் வெள்ளநீரும் போகும் ஸ்மார்ட் சுரங்கத்தை எதை நம்பி மூடுவது? 2007-இல் திறந்தது, 9.7 கிலோமீட்டர். கிள்ளான், அம்பாங் ஆறுகளில் மேலேயிருந்து வரும் நீரின் அளவைப் பார்த்துத்தான், சாலையைத் திறந்து வைப்பதா, வண்டிகளை வெளியேற்றிவிட்டு வெள்ளத்தை உள்ளே விடுவதா என்று தீர்மானிக்கிறார்கள். கண்ணால் பார்த்து இதைச் செய்ய முடியாது.

செந்தூல்வாசி:
அங்கே இரவும் பகலும் ஆள் உட்கார்ந்திருக்கும் கட்டுப்பாட்டு அறை இருக்கிறது. நான் கேட்பதும் அந்த ஆளைத்தான்!

பிறை_அக்கா:
இரண்டு பேரும் ஆளைப் பற்றிப் பேசுவதால் உள்ளே வருகிறேன். பினாங்கின் பிறையில் 22 வருஷமாக பாக்டரி ஆபரேட்டர். எங்கள் பழைய டெக்னீஷியன் ஸ்க்ரூடிரைவர் முனையை மோட்டார் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்து, சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கின் சத்தத்தைக் கேட்பார். "இந்த பேரிங் ஒரு மாசம் தாங்காது" என்பார், தாங்காது. அவர் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. அதிர்வு சென்சார் இருக்கிறதே என்றார்கள். காந்தத்தில் ஒட்டியிருந்த அந்த சென்சார் லேசாக நழுவி, ஏதோ ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தது. பேரிங் இறுகி ஒரு ஷிஃப்ட் முழுக்க லைன் நின்றது. மாதத்துக்குக் கிடைக்க வேண்டிய ஓவர்டைம் எங்களுக்குப் போச்சு.

பாயான்_பொறியாளர்:
அக்கா, காந்தம் போகிற வருகிற வழியில் வைத்து அளந்துவிட்டு எடுப்பதற்கு. நிரந்தரமாக வைப்பதென்றால் துளை போட்டு முறுக்க வேண்டும். அதில் நீங்கள் சொன்னது நியாயம். ஆனால் பேரிங்கில் மயிரிழை விரிசல் விழுந்ததும் எழும் சத்தம் மனிதக் காதுக்கு எட்டாத உயர்ந்த அதிர்வெண்ணில் இருக்கும். காதுக்குக் கேட்கும்போது தேய்மானம் முற்றிவிட்டிருக்கும். உங்கள் டெக்னீஷியன் ஒரு மாசம் முன்னால் சொன்னதை, ஒழுங்காகப் பொருத்திய சென்சார் அதற்கும் முன்னாலேயே சொல்லும்.

பிறை_அக்கா:
சொல்லட்டும். நழுவிவிட்டதா என்று தொட்டுப் பார்க்க அவர் வேண்டும் இல்லையா? கருவி வந்ததற்காக அவர் இடத்துக்கு ஆள் எடுக்காததுதான் என் வயிற்றெரிச்சல். எனக்குக் கருவி மேல் கோபமில்லை.

பாயான்_பொறியாளர்:
அதில் உங்களோடு நிற்கிறேன். செந்தூல் அண்ணே, தாமான் சங்கத்தில் கடிதம் எழுதினால் நான் ஒரு பத்தி எழுதித் தருகிறேன். எதிரொலி வராவிட்டால் கட்டுப்பாட்டு அறையில் மணி அடிக்க வேண்டும், மழைக்காலத்துக்கு முன் முகத்தைத் துடைத்து ஒரு குச்சியால் ஆழம் அளந்து ஒப்பிட வேண்டும்.

செந்தூல்வாசி:
தூர் வாருவதையும் சேர்த்தால் கையெழுத்துப் போடுகிறேன். அதை விட மாட்டேன்.

பிறை_அக்கா:
மணி அடித்தால் யார் வருவார்? அவர் பெயரையும் போன் நம்பரையும் அந்தக் கம்பத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.