கோடையில் மலைக்குப் போனவங்க வாங்க: உங்க நாள் எத்தனை மணிக்கு முடிஞ்சது?

மூன்றாம் வளைவு:

பத்து வருஷமாகப் பனிச்சறுக்குப் பழக்கம் உண்டு. ஆனால் எல்லாமே டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில்தான். போன ஜூலையில் முதல் தடவையாகப் பனியாற்றில் சறுக்கிப் பார்ப்போம் என்று ஆஸ்திரியாவின் ஹின்டர்டுக்ஸுக்குப் போனேன். வருஷம் முழுக்கச் சறுக்கு நடக்கிற இடம். உச்சி 3,250 மீட்டர். கூடவே பதின்மூன்று வயது மகள். அவளுக்கு ஸ்கீ என்றாலே ஆகாது. இரண்டு வருஷமாக உள்ளரங்குச் சுவரில் ஏறுகிறாள், நிஜப் பாறையைத் தொட்டதில்லை.

என் திட்டம் ரொம்ப நியாயமானது என்றுதான் நினைத்தேன். நிதானமாக எழுந்து, பத்திலிருந்து ஒரு மணி வரை எனக்குப் பனி. மூன்று மணிக்கு மேல் அவளுக்குப் பாறை.

பத்து மணிக்கு மேலே போய் நின்றால், ரேஸ் பழகும் பிள்ளைகள் பாதை குறிக்கப் பனியில் நடும் கேட் கம்புகளைக் கட்டுக்கட்டாகத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்ப ஆயத்தமாகிறார்கள். அதுக்குள்ளயா என்று சிரிப்பு வந்தது. முதல் இரண்டு இறக்கமும் அருமை. மேலே விரல் கனத்துக்கு இளகல், அடியில் கெட்டி. பதினொன்றரைக்கு அதே சரிவு கூழ். நிழலிலிருந்து வெயிலுக்குள் நுழையும் இடத்தில் யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி ஸ்கீ நின்றுவிடும், உடம்பு மட்டும் முன்னால் போகும். அப்போதே இறங்கியிருக்க வேண்டும். 'கடைசியா ஒண்ணே ஒண்ணு' என்று பன்னிரண்டேகாலுக்குப் போனேன். இடது ஸ்கீ கூழில் புதைந்தது. மெதுவான விழுதல் என்பதால் பூட்ஸை ஸ்கீயோடு பிடித்திருக்கும் பைண்டிங் கழலவில்லை, முழங்கால்தான் திரும்பியது. நாலு நாள் நொண்டினேன்.

மகள் கதை அதைவிட மோசம். மூன்று மணிக்குப் பாறை அடிக்குப் போய் கயிறு கட்டும் இடுப்புப் பட்டையான ஹார்னஸ் மாட்டி, முடிச்சும் போட்டாயிற்று. வழிகாட்டிப் பெண் மேலே ஒரு தடவை பார்த்தார். மேகம் பூக்கோசு மாதிரி அடுக்கடுக்காக எழும்பியிருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார். "இன்னும் மழையே வரலையே!" என்று இவள் குதிக்கிறாள். இருபது நிமிஷத்தில் இடி. அன்று ராத்திரி வரை என்னோடு பேசவில்லை. பாறையை மதியத்துக்குத் தள்ளியது நான்தானே.

ஆக ஒரே நாளில் இரண்டு பேருக்கும் நான் கொடுத்த நேரம் தப்பு. உங்களுக்கு இப்படி நேர்ந்திருக்கிறதா? சறுக்குகிறவரும் ஏறுகிற பிள்ளையும் சேர்ந்து போனால் நாளை எப்படிப் பிரிக்கிறீர்கள்?

உப்புக்கல்:

சார், அந்தப் பிள்ளைங்க சோம்பேறித்தனத்துல கிளம்பல. நீங்க பல் தேய்க்கும்போதே அவங்க பாதி டிரெயினிங்கை முடிச்சிருப்பாங்க.

அமெரிக்காவில், ஓரிகன் மாநிலத்து மவுண்ட் ஹுட் மலையில், பால்மர் பனிவெளியில் ஒரு கோடை கேம்ப்பில் உதவி கோச்சாக இருந்தேன். கோடைப் பனியில் புதுப் பொடி கிடையாது. பகலில் உருகுது, தெளிவான இரவில் சூட்டை வானத்துக்கு விட்டுட்டு உறையுது. இப்படி மாறி மாறி நடந்து பனி குருணை மாதிரி ஆகிடும். விடிஞ்சதும் கண்ணாடி, ஸ்கீயோட இரும்பு விளிம்பு கரகரன்னு கத்தும், புதுசா வர்ற பிள்ளைங்க பயந்துடும். அப்புறம் ஒண்ணு ரெண்டு மணி நேரம் சொர்க்கம். அப்புறம் நீங்க சொன்ன கூழ்.

அந்த சொர்க்கத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கத்தான் உப்பு. ஆமா, கல் உப்பேதான். ஈரமான பனிமேல தூவினா உப்பு பட்ட இடம் உருகும். உருக வேண்டிய சூட்டைச் சுத்தி இருக்கிற பனியிலிருந்தே உறிஞ்சும். அதனால அடியில இருக்கிற ஈரம் இறுகிடும். பிள்ளைங்களுக்கு முதல் நாள் இது மாயமந்திரம் மாதிரி. காய்ஞ்ச பனியில வேலைக்கு ஆகாது, ஈரம் வேணும்.

ஒரு பையன், பதினாலு வயசு இருக்கும், நல்ல வேகம். சாயங்காலம் ஸ்கீயைத் துடைக்காம பையில திணிச்சுட்டுப் பந்து விளையாடப் போயிட்டான். மறுநாள் விடியக்காலை இருட்டுல பையைத் திறக்கிறான், ரெண்டு விளிம்பும் செம்பழுப்பு. உப்புத் தண்ணி ஒரே ராத்திரியில தின்னுடுச்சு. மத்தவங்க மேல போறாங்க, இவன் கீழ உட்கார்ந்து ரப்பர் கல்லால தேய்க்கிறான். அன்னைக்கு எட்டு மணி வரைக்கும் தேய்ச்சான். அதுக்கப்புறம் அந்த கேம்ப்பில் துடைக்காத ஸ்கீயை நான் பார்க்கல.

புல்தரை:

எனக்கு நேர்ந்தது இடியும் இல்லை, கூழும் இல்லை. மாடு.

ஆல்ப்ஸில் குளிர்காலத்தில் கண்ணைக் கட்டிவிட்டாலும் இறங்குவேன் என்று பீற்றிக்கொண்ட ஒரு சரிவைக் கோடையில் நடந்து ஏறினேன். அடையாளமே தெரியவில்லை. செயற்கைப் பனி அடிக்கும் பீரங்கிகள் இடுப்பளவு புல்லில் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி நிற்கின்றன. வழக்கமாக வேகம் எடுக்கும் வளைவில் கன்றோடு ஒரு பசு நடுவழியில் படுத்திருந்தது. கன்று பக்கத்தில் இருந்தால் பசு சும்மா இருக்காது என்பது தெரியும். வாலை உயர்த்தி எழுந்ததும் நான் கீழ்ப்பக்கமாக ஒரு பெரிய சுற்று சுற்றினேன். நண்பரின் நாய் கூட இருந்திருந்தால் கதை வேறு. நாயைத்தான் அது ஓநாயாக நினைக்கும்.

இருமுடிச்சு அம்மா:

மூன்றாம் வளைவு சார், உங்கள் மகளை ஏறவிடாமல் கயிற்றைச் சுருட்டிய அந்த வழிகாட்டிக்கு என் சார்பில் ஒரு கும்பிடு. எனக்கும் அப்படி ஒருவர் வாய்த்தார்.

என் சின்னவனுக்குப் பதினொரு வயது, எடை முப்பத்திரண்டு கிலோ. வியா ஃபெராட்டா போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். பாறையில் இரும்பு வடமும் படிகளும் பதித்திருப்பார்களே, அந்தப் பாதைதான். ஹார்னஸிலிருந்து இரண்டு கை மாதிரி பட்டைகள் வரும், அவற்றின் கொக்கிகளை வடத்தில் மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டே போகவேண்டும். வாடகைக்குக் கொடுத்த இடத்தில் எனக்கும் அவனுக்கும் ஒரே மாதிரி செட்டை நீட்டினார்கள். எடை என்ன என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

பாதை தொடங்கும் இடத்தில் வழிகாட்டி பையனைப் பார்த்ததும், அந்தப் பட்டையில் தைத்திருந்த சீட்டைத் திருப்பிக் காட்டினார். 40 முதல் 120 கிலோ வரை என்று போட்டிருந்தது. அந்தப் பட்டைக்குள் மடித்துத் தைத்த ஒரு நாடா இருக்கிறது. விழும்போது தையல் பிரிந்து பிரிந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். லேசான பிள்ளை விழுந்தால் தையல் போதுமான அளவு பிரியாது, அடி முழுக்க உடம்பில் இறங்கிவிடும். எடை மிஞ்சினாலோ தையல் முழுக்கப் பிரிந்தும் போதாது. அதனால் பையனுக்குத் தனியாகக் கயிறு கட்டி, மேலேயிருந்து இவரே பிடித்துக்கொண்டு வந்தார். "நான் என்ன கன்னுக்குட்டியா?" என்று முனகிக்கொண்டே ஏறினான். (புல்தரை சாரின் பசுவைப் படித்ததும் இதுதான் ஞாபகம் வந்தது.)

நேரத்தைப் பற்றிக் கேட்டீர்களே. ஏழு மணிக்கு வடத்தில் கை வைத்தோம், பதினொன்றுக்கு இறங்கிவிட்டோம். மலை உச்சி வரை ஓடுகிற இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடியில் நிற்பதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

பெரியவன் விஷயம் வேறு. பதினான்கு வயது, அந்தக் கோடையில் ஏறவே இல்லை. மார்ச்சிலிருந்தே நடுவிரலின் நடு மூட்டு வீங்கியிருந்தது. விழவில்லை, 'டப்' என்ற சத்தமும் இல்லை, வலி மட்டும் மெல்ல மெல்ல ஏறியது. விரல் பயிற்சிப் பலகையில் தினம் தொங்கியிருக்கிறான், எங்களுக்குத் தெரியாது. வளரும் எலும்பின் நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டில் முறிவு என்றார் மருத்துவர். வளர்ச்சி முடியாத பிள்ளைகளில் தசைநாரைவிட அதுதான் பலவீனமான இடமாம். மாதக்கணக்கில் ஓய்வு. மலைக்கு வந்தும் கீழே நின்று தம்பிக்குக் கயிறு பிடிக்கக் கற்றான், பனிக்கோடரியால் வழுக்கலை நிறுத்தக் கற்றான், நடந்தான். மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். நாலாம் நாள் சாய்வான ஒரு பாறைப் பலகையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காலால் மட்டும் நடந்து காட்டினான். சுவரில் பழகிய பிள்ளைகள் எதையும் கையாலேயே இழுத்துச் சமாளிப்பார்கள். காலை நம்ப இவனுக்கு அந்தக் கோடைதான் கற்றுக்கொடுத்தது.

கண்ணாடிக்காரன்:

நான் இங்க சின்னப் பையன், 18தான். என் கதை சிம்பிள். மேகமூட்டமா இருந்துச்சு, வெயிலே இல்லையேன்னு கூலிங்கிளாஸை ஹெல்மெட் மேல தூக்கி விட்டுட்டு பனியாத்துல காலையில அஞ்சு மணி நேரம் நடந்தேன். அப்ப ஒண்ணுமே தெரியல. ராத்திரி பத்து மணிக்கு ரெண்டு கண்ணுலயும் யாரோ மணலைக் கொட்டித் தேய்ச்ச மாதிரி. திறக்க முடியல, மூடவும் முடியல. ஈரத்துணியைப் போட்டுக்கிட்டு இருட்டுல அழுதேன், வலியில பாதி, பயத்துல பாதி. ஒன்றரை நாள்ல சரியாச்சு.

அப்புறம்தான் படிச்சேன்: புதுப் பனி புற ஊதாக் கதிரை 80 சதவீதம் வரைக்கும் திருப்பி அடிக்குமாம். ஆயிரம் மீட்டர் ஏறினா அந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுதாம். மெல்லிய மேகம் அதைப் பெருசா தடுக்காது. நம்ம கோச் மூக்கு ஓட்டைக்குள்ள ஏன் சன்ஸ்கிரீன் தடவுறார்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது. சிரிச்சதுக்கு ஸாரி சார்.

நாலு மணி விளக்கு:

எல்லாரும் கடிகாரத்தைப் பற்றியே எழுதுகிறீர்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. சீக்கிரம் எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நம்பியிருந்தேன், 2022 வரை.

அந்த ஜூலைக் கடைசியில் சுவிட்சர்லாந்தின் செர்மாட்டில் கோடைச் சறுக்கையே நிறுத்திவிட்டார்கள். கேபிள் கார் 3,883 மீட்டருக்குப் போகிற ஊர், 365 நாளும் சறுக்கலாம் என்று பெயர் வாங்கிய ஊர். ஜூலை 25 விடியும்முன் சுவிட்சர்லாந்துக்கு மேலே பூஜ்ஜிய டிகிரிக் கோடு, அதாவது காற்று உறைநிலைக்கு இறங்கும் உயரம், 5,184 மீட்டரில் இருந்தது. ஆல்ப்ஸிலேயே உயரமான மாண்ட் பிளாங்கின் உச்சிக்கும் மேலே. அதாவது அன்று ராத்திரி ஆல்ப்ஸ் முழுவதிலும் உறைநிலைக் காற்று ஒரு சிகரத்தைக்கூடத் தொடவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அது 5,298 ஆனது. ராத்திரியே உறையாவிட்டால், நாலு மணிக்கு எழுந்து என்ன பிரயோஜனம்?

அதே 2022 ஜூலை 3இல் இத்தாலியின் மார்மொலாடாவில் பனியாற்றின் ஒரு துண்டு சரிந்து பதினோரு பேர் இறந்தார்கள். மதியம் இரண்டு மணிக்குச் சற்று முன்பு. 'பார்த்தாயா, மதியம்' என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்த உச்சியில் வெயில் பத்து டிகிரியைத் தொட்டிருந்த நாள்கள் அவை. உருகிய நீர் உள்ளுக்குள் எத்தனை நாளாகச் சேர்ந்ததோ.

அந்த வாரம் நான் ஒரு மலைக்குடிலில் இருந்தேன். இளசுகள் நாலு பேர், ஒரு வழிகாட்டி, நான். மூன்றரைக்கு எழுந்து, தலைவிளக்கு மாட்டி, பனி தொடங்கும் இடம் வரை நடந்தோம். வழிகாட்டி பூட்ஸ் முனையால் ஒரு உதை விட்டார். கணுக்கால் வரை உள்ளே போனது. இன்னும் பத்தடி தள்ளி இன்னொரு உதை. அதே கதை. மேலே எங்கோ இருட்டில் கற்கள் உருளும் சத்தம். பாறைகளைப் பிணைத்திருக்கும் பனிக்கட்டி இளகினால் வருகிற சத்தம் அது. அந்த நேரத்தில் கேட்கவே கூடாதது. திரும்பிவிட்டோம். குடிலுக்குள் வந்து விளக்கை அணைக்கும்போது மணி நாலரை. உங்கள் கேள்விக்குப் பதில்: என் நாள் அன்று நாலரைக்கு முடிந்தது.

அந்த நாலு இளசுகளில் ஒருத்தி மட்டும் விடிந்ததும் தனியாகப் போய் இன்னும் இரண்டு இடத்தில் உதைத்துப் பார்த்துவிட்டு வந்தாள். அவள் ஒருநாள் நல்ல வழிகாட்டியாக வருவாள் என்று எனக்குத் தோன்றியது.

மூன்றாம் வளைவு:

அனைவருக்கும் நன்றி. உப்புக்கல் சார், இப்போதெல்லாம் ஸ்கீயைத் துடைத்துவிட்டுத்தான் சாப்பாடு. நாலு மணி விளக்கு சொன்னதை மகளிடம் வாசித்துக் காட்டினேன். "அப்ப அவங்க உதைச்சுப் பார்த்தது சரிதானேப்பா" என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பயணத்தின் கடைசி நாளைச் சொல்ல விட்டுவிட்டேன். என் முழங்கால் வீங்கிக் கிடந்ததால் பனி எனக்கு இல்லை. அவள் அதே வழிகாட்டியோடு காலை ஆறரைக்குப் பாறைக்குப் போனாள். பத்தரைக்குத் திரும்பி வந்தபோது விரல் நுனி பத்தும் சிவந்து, முழங்கையில் ஒரு சிராய்ப்பு. நிஜப் பாறை சில்லென்று இருக்கிறதாம். பிடிக்கு வண்ணமே இல்லாததால் எங்கே கை வைப்பதென்று தேடுவதிலேயே பாதி நேரம் போய்விட்டதாம். சொல்லிக்கொண்டே தூங்கிப்போனாள்.

மதியம் இரண்டுக்கு மின்னல் அவளை எழுப்பியது. ஜன்னலோரம் வந்து நின்று எண்ண ஆரம்பித்தாள். ஒவ்வொரு மூன்று நொடிக்கும் ஒரு கிலோமீட்டர் என்று வழிகாட்டி சொல்லியிருந்தாராம். பன்னிரண்டில் இடித்தது. "நாலு கிலோமீட்டர்," என்றாள். அடுத்த மின்னலுக்கு ஆறு வரைக்கும்தான் எண்ண முடிந்தது.