தொட்டி மாற்றிய ரோஸ்மேரி போன்சாய் வாடுகிறது, உதவுங்கள்

4 வருடமாக வளர்த்த ரோஸ்மேரியை 12 நாள் முன்பு ஆழமில்லாத போன்சாய் தொட்டிக்கு மாற்றினேன். வேரில் கால்வாசிதான் வெட்டினேன். மண்ணில் பாதிக்கு மேல் பருமணல், அதனால் தண்ணீர் தேங்குவதில்லை. மேல்மண் காய்ந்த பிறகே நீர் விடுகிறேன். காற்று அதிகம் அடிக்காத அரைநிழலில்தான் இருக்கிறது, உரம் போடவில்லை.

நேற்று முதல் நுனிகள் தொங்குகின்றன. முக்கியமான கிளை ஒன்றில் அடி இலைகள் காய்ந்து உதிர்கின்றன. இலையில்லாத முற்றிய கிளையில் ரோஸ்மேரி பெரும்பாலும் மறுபடி துளிர்க்காது என்பதால்தான் இவ்வளவு பயம். அந்தக் கிளை போனால் மரத்தின் வடிவமே போய்விடும்.

வேர் குறைந்ததற்கு ஈடாக மேலே கொஞ்சம் கத்தரிக்கலாமா, இல்லை தொடாமல் விடுவதா? இது வேர் அழுகலா, தண்ணீர்க் குறைவா? தொட்டியைக் கிளறாமல் கண்டுபிடிக்க வழி உண்டா? அப்புறம், முழு வெயிலுக்கு எப்போது மாற்றலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.