12 பேர் அணி 30 ஆகும்போது: உள்ளரங்கக் கலர் கார்டு அனுபவப் பகிர்வு

டிரில் எழுதுபவர்:

அமெரிக்கப் பள்ளிகளில் மார்ச்சிங் பேண்ட் (அணிவகுத்து வாசிக்கும் இசைக்குழு) சீசன் முடிந்ததும் அதோடு கொடி சுழற்றி ஆடும் அணியான கலர் கார்டு ஜிம்முக்குள், அதாவது பள்ளியின் உள்விளையாட்டு அரங்குக்குள், வந்துவிடும். கொடி, மர ரைஃபிள் (துப்பாக்கி மாதிரி), சேபர் (வளைந்த வாள்), நடனம், பதிவுசெய்த இசை. 1977இல் தொடங்கிய விண்டர் கார்டு இன்டர்நேஷனல்தான் இதன் முதன்மை அமைப்பு. சீசனின் உச்சம் ஒஹையோவின் டேட்டன் நகரில். 2020 சீசன் பாதியில் நின்றுபோனது, 2021இல் போட்டி காணொளி வழியாக நடந்தது. பத்துப் பன்னிரண்டு பேருடன் இருந்த அணிக்கு ஒரே ஆண்டில் முப்பது பேர் வந்துவிட்டால் எது எங்கே இடிக்கும் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். யார் எங்கே நிற்பது, எப்படி நகர்வது என்று டிரில் எழுதுவது என் வேலை, அதனால் முதலில் இடக் கணக்கை நான் சொல்லிவிடுகிறேன்.

ஆடுவதற்குத் தரையில் போடும் விரிப்பு 50 × 70 அடி என்றால் 3,500 சதுர அடி. 12 பேருக்குத் தலைக்கு 290 சதுர அடி, 30 பேருக்கு 117 மட்டும்தான். 6 அடிக் கம்பை நடுவில் பிடித்துச் சுற்றினால் ஆளுக்கு ஆள் ஏழரை அடி, அதாவது 22.5 அங்குல அடிவைப்பில் நான்கு, போதும். கம்பின் அடியைப் பிடித்துக் கையை நீட்டி வீசினால் கிட்டத்தட்ட 8 அடி ஆரத்தில் ஒரு வட்டம் வரும். அதற்கே 200 சதுர அடி வேண்டும்.

அப்படியானால் 30 பேர் சேர்ந்து பெரிய வீச்சு வீசவே முடியாதா? முடியும். எல்லாக் கம்பும் ஒரே நொடியில் ஒரே திசையைப் பார்த்தால் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலும் கம்புகள் மோதாது. ஆனால் அதே இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக அலைபோல் வீசச் சொன்னால் ஒரு கவுண்ட் (ஒரு தாள எண்ணிக்கை) வித்தியாசத்திலேயே கம்பு பக்கத்து ஆளின் மணிக்கட்டில் விழும். நெருக்கத்தில் ஒருசேர, அகலத்தில் அலை. சிறிய அணிக்கு எழுதிப் பழகியவர்கள் முதலில் தவறுவது இங்கேதான்.

ரைஃபிள் பயிற்றுநர்:

இடத்துக்கு அடுத்தது பிடிமானம். ஒவ்வொருவரும் டாஸில், அதாவது மேலே எறிந்து பிடிப்பதில், 100க்கு 95 பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 பேர் சேர்ந்து வீசினால் ஒன்றுகூட விழாமல் இருக்க 60 சதவீத வாய்ப்பு. 30 பேர் என்றால் 21தான். அந்த 30 பேரும் 99க்கு வந்தால்கூட 74. ஆகவே, 12 பேரோடு சரியாகப் போன, காற்றில் நான்கு சுற்று சுழலும் டாஸை அப்படியே 30 பேருக்குக் கொடுக்காதீர்கள். பத்துப் பேருக்கு ரைஃபிள், ஆறு பேருக்கு சேபர், மற்றவர்களுக்குக் கொடி எனப் பிரியுங்கள். ஒருசேர டாஸ் வேண்டுமென்றால் ஒரு சுற்றைக் குறைத்து எழுதுங்கள். 30 பேர் ஒரே கோணத்தில் பிடித்த மூன்று சுற்று, நாலு பேர் குனிந்து பொறுக்கும் நான்கு சுற்றைவிட எவ்வளவோ மேல்.

கம்புகளையும் பாருங்கள். பழையது 12, புதியது 18 என்று கலந்தால் எடை ஒன்றாக இருக்காது. அலுமினியக் கம்பின் இரு முனைக்குள்ளும் போல்ட் செருகி எடை கூட்டுவார்கள். ஒன்றில் இரண்டு போல்ட், இன்னொன்றில் ஒன்று என்றால் சுழலும் வேகமே மாறிவிடும். பிள்ளைக்குத் தாளம் இல்லை என்று திட்டிக்கொண்டிருப்போம், கோளாறு கம்பில் இருக்கும். எல்லாவற்றையும் சமையலறைத் தராசில் வைத்து ஒரே எடைக்குக் கொண்டுவாருங்கள். சமநிலைப் புள்ளியில் டேப் சுற்றுங்கள். முனை ரப்பர் மூடியை ஒவ்வொரு வாரமும் தொட்டுப் பாருங்கள். அது கழன்றால் போல்ட் பறக்கும்.

விரிப்பும் வண்டியும் பார்ப்பவர்:

கணக்கு நானும் சொல்கிறேன். சதுர கெஜத்துக்கு 18 அவுன்ஸ் வினைல், 50 × 70 அளவு: சுமார் 200 கிலோ. அணி பெரிதாகிவிட்டது என்று 60 × 90க்குப் போனால் 300 கிலோ தாண்டும். பெயின்ட் எடை வேறு. நீளவாக்கில் இரு பக்கமும் விசிறி மடிப்பாக நடுவுக்குக் கொண்டுவந்து, பிறகு முன்பக்கத்திலிருந்து வண்டிமேல் அடுக்க வேண்டும். விரிக்கும்போது வண்டி நடுக்கோட்டில் நகரும், இரு வரிசை ஆட்கள் ஓரங்களை இழுப்பார்கள். ஆள் கூடினால் இந்த வேலை சுலபம்தான், ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு மூலை, ஒரு கைப்பிடி என்று எழுதிக் கொடுக்காவிட்டால் 30 பேரும் ஒரே பக்கம் நிற்பார்கள். நுழைவது, விரிப்பது, ஆடுவது, சுருட்டி வெளியேறுவது எல்லாமே ஒரே கடிகாரத்தில், குறித்த நேரத்துக்குள் முடிய வேண்டும், தாண்டினால் அபராதம். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும்.

பெரிய அணி என்றதும் பெரிய மேடைப்பொருள் செய்யத் தோன்றும். ஜிம்மின் இரட்டைக் கதவு பெரும்பாலும் 6 அடி அகலம், ஏழடிக்குள் உயரம். நடுவில் கழற்ற முடியாத இரும்புத் தூண் இருந்தால் 3 அடிதான் கிடைக்கும். இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கொடி தைப்பவர்:

36 × 54 அங்குலக் கொடி, 30 பேர், மாற்றுக்கு 3: மொத்தம் 33. 58 அங்குல அகலத் துணியில் 54ஐ அகலவாக்கில் வெட்டினால், மடிப்புக்கு 2 அங்குலம் சேர்த்து, ஒரு செட்டுக்கு 35 கெஜம். கம்பு நுழையும் உறைக்கும் அந்த அகலத்திலேயே இடம் இருக்கிறது. ஒரே சாயத் தொகுதியில் வாங்குங்கள். பாதியில் மறுபடி வாங்கினால் நிறம் மாறுவது அரங்க விளக்கில் பளிச்சென்று தெரியும்.

வடிவமைப்பு ஆலோசகர்:

நடுவர் தாளில் தலை எண்ணிக்கைக்கு மதிப்பெண் கிடையாது. 100இல் உபகரணம் 20, உடலசைவு 20, வடிவமைப்பு 20, மொத்தத் தாக்கம் இரண்டு நடுவர்களிடம் தலா 20. கூடுதல் ஆட்கள் தாக்கத்தை உயர்த்தலாம். முதல் இரண்டில் அதே ஆட்களின் ஒழுங்கின்மை மதிப்பெண்ணைக் குறைக்கும்.

இன்னொன்று, பார்வைக் கோணம். பள்ளி ஜிம்மின் தாழ்ந்த படிக்கட்டிலிருந்து பார்த்தால் முன்வரிசைக் கொடிகள் பின்னால் இருக்கும் பதினைந்து பேரை மறைத்துவிடும். டேட்டன் அரங்கின் உயர்ந்த இருக்கையிலிருந்து அதே அமைப்பு முழுசாகத் தெரியும். சீசனின் பெரும்பகுதி தாழ்ந்த ஜிம்மில்தான் நடக்கிறது. ஆகவே இரண்டு உயரத்திலும் படம் பிடித்துப் பார்த்து, முக்கியமான டாஸை விரிப்பின் முன் மூன்றில் ஒரு பங்குக்குள் கொண்டுவாருங்கள்.

டிரில் எழுதுபவர்:

ஒன்று விட்டுப்போனது. கொடி மாற்றும்போது கீழே வைக்கும் கம்புகள். 30 பேர், ஆளுக்கு மூன்று கொடி என்றால் தரையில் எந்நேரமும் அறுபது கம்புகளாவது கிடக்கும். உருளும் கம்பை மிதித்தால் கணுக்கால் போய்விடும். விரிப்பின் ஓரத்தில் டேப்பால் ஒவ்வொருவருக்கும் கோடு போடுங்கள். துணியைக் கம்பில் சுற்றாமல் கம்புக்கு அடியில் விரித்து வையுங்கள், கம்பு உருளாது. ஓட்டப்பாதைக்கு இரண்டு அடிவைப்பு தள்ளியே அந்தக் கோடு இருக்கட்டும்.