எச்.ஏ. பிளேட்டில் திரண்ட சிவப்பணு கொஞ்ச நேரத்தில் கலைந்துவிடுகிறது: எந்த அளவை நம்புவது?

பாளை மாணவி:
எல்லோருக்கும் வணக்கம். நாங்குநேரி, களக்காடு பக்கத்து வீட்டுக்கோழிகளில் வெள்ளைக்கழிச்சலுக்கு (ராணிக்கெட் நோய்) எதிர்ப்புச் சக்தி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் வேலையில் இருக்கிறேன். எச்.ஐ. சோதனை என்பது, ரத்தத்தின் தெளிநீரான சீரத்தில் உள்ள எதிர்ப்பொருள், வைரஸ் சிவப்பணுவைத் திரட்டுவதைத் தடுக்கிறதா என்று பார்ப்பது. அதற்கு முன்பாக வைரஸின் அளவைத் தெரிந்துகொள்ள எச்.ஏ. போடுகிறேன், அதாவது எத்தனை மடங்கு நீர்த்த வைரஸ் வரை சிவப்பணுவைத் திரட்டுகிறது என்று பார்க்கிறேன். லசோட்டா வைரஸ் (தடுப்பூசியில் பயன்படும் வெள்ளைக்கழிச்சல் வைரஸ் வகை), வி-அடி பிளேட் (குழிகளின் அடி வி வடிவில் இருக்கும்), குழிக்கு 25 மைக்ரோலிட்டர், 1 சதவீதக் கோழிச் சிவப்பணு.

40 நிமிடத்தில் பார்த்தால் 1:128 நீர்ப்பு வரை அழகாகத் திரண்டிருக்கிறது. அதே பிளேட்டைச் சாப்பிட்டு வந்து பார்த்தால் கடைசிக் குழிகளில் சிவப்பணு திரளாமல் கீழே இறங்கிப் பட்டனாக, சிறு வட்டப் புள்ளிபோல உட்கார்ந்திருக்கிறது. இன்னும் விட்டுவைத்தால் முன் குழிகளும் அப்படியே ஆகின்றன. வைரஸ் சேர்க்காத கண்ட்ரோல் குழி எப்போதும் சரியாகத்தான் இருக்கிறது. ஏ.சி. இல்லாத அறை. சித்திரை வெயில், கரண்ட் வேறு போய்ப் போய் வருகிறது. இந்த அளவை வைத்துத்தான் எச்.ஐ.யில் சேர்க்க வேண்டிய 4 அலகு வைரஸைக் கணக்கிட வேண்டும். எது உண்மையான அளவு?

அம்பை ஆய்வக உதவியாளர்:
தங்கச்சி, முதலில் ரத்தத்தைப் பாருங்க. தடுப்பூசி போட்ட கோழியிலிருந்து எடுத்திருந்தால் அதில் எதிர்ப்பொருள் இருக்கும். மூன்று கோழியின் ரத்தத்தையாவது கலந்து, பி.பி.எஸ். உப்புக் கரைசலில் மூன்று முறை கழுவினீர்களா? பழைய சிவப்பணு உடைந்திருந்தாலும் குழப்பம் வரும்.

பாளை மாணவி:
அண்ணாச்சி, தடுப்பூசி போடாத கோழிகள்தான். கழுவியாகிவிட்டது, மேல் நீரில் சிவப்பு இல்லை. சிவப்பணு கோளாறு என்றால் முதலிலேயே திரளாமல் போக வேண்டும். இது திரண்ட பிறகு அல்லவா கலைகிறது?

தென்காசி, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
நீங்கள் கேட்ட கடைசி வரியிலேயே விடை இருக்கிறதும்மா. அது கோளாறு இல்லை. வைரஸ் தன் வேலையைச் செய்கிறது.

சிவப்பணுவின் மேற்பரப்பு முழுக்கச் சர்க்கரைச் சங்கிலிகள். அவற்றின் நுனியில் சயாலிக் அமிலம் என்ற சர்க்கரை இருக்கும். வெள்ளைக்கழிச்சல் வைரஸின் எச்.என். புரதம் அதைத்தான் பிடிக்கிறது. ஒரே வைரஸ் துகள் பல அணுக்களைப் பிடிப்பதால் எல்லாம் வலையாகப் பின்னிக்கொண்டு கீழே இறங்காமல் நிற்கின்றன. நீங்கள் பார்க்கும் திரட்சி அதுதான். கோழியின் மூச்சுக்குழலிலும் குடலிலும் நுழைய வைரஸ் முதலில் செய்வதும் இதே பிடிமானம்தான். அப்புறம் எஃப். புரதம் வந்து வைரஸ் உறையைச் செல் சவ்வோடு இணைக்கும்.

ஆனால் அதே எச்.என். புரதத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது நியூராமினிடேஸ் என்ற நொதியும்கூட. பிடித்த சயாலிக் அமிலத்தை அதுவே வெட்டிவிடும். செல்லுக்குள் பெருகி வெளியே வரும் புது வைரஸ்கள் அந்தச் செல்லின் சர்க்கரையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடக் கூடாது அல்லவா? கோழைச்சளியிலும் இதே சர்க்கரை இருப்பதால் அதில் சிக்காமல் தப்பவும் வெட்டத் தெரிய வேண்டும். காய்ச்சல் வைரஸான இன்ஃப்ளூயன்சாவில் பிடிப்பதற்கு ஒரு புரதம், வெட்டுவதற்கு வேறொரு புரதம். ஓசெல்டாமிவிர் மாத்திரை தடுப்பது அந்த வெட்டும் புரதத்தைத்தான்.

உங்கள் பிளேட்டில் நடப்பதும் இதுவே. பிடித்தது, திரண்டது, வெட்டியது, கலைந்தது. நொதி சூட்டில் வேகமாக வேலை செய்யும்; 37 டிகிரி அதற்கு ரொம்பப் பிடிக்கும். நம்ம ஊர்ச் சித்திரையில் அறையே அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். 40 நிமிடம் என்பது 20 டிகிரி அளவிலான அறைக்குச் சொன்ன கணக்கு. சூடான அறை என்றால் பிளேட்டை 4 டிகிரியில் 60 நிமிடம் வைக்க வேண்டும். பிடிமானம் குளிரிலும் நடக்கும், வெட்டுவது மட்டும் மந்தமாகும். வைரஸின் வகையைப் பொறுத்தும் கலையும் வேகம் மாறும்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு குழாயில் வைரஸும் சிவப்பணுவும் சேர்த்து 37 டிகிரியில் முழுதும் கலையும் வரை வையுங்கள். பிறகு மேல் நீரை எடுத்துப் புதுச் சிவப்பணுவோடு சேருங்கள். கீழே உள்ள பழைய சிவப்பணுவைக் கழுவி, அதில் புது வைரஸைச் சேருங்கள். 1940களின் தொடக்கத்தில் ஜார்ஜ் ஹிர்ஸ்ட் இன்ஃப்ளூயன்சாவை வைத்து இதைத்தான் செய்தார். ஒட்டும் இடத்தை வைரஸே அழிக்கிறது என்று தெரிய வந்தது அப்படித்தான்.

களக்காடு கோழி வளர்ப்பவர்:
நடுவில் கேட்கிறேன், மன்னியுங்கள். மனுசன் உடம்பிலும் இந்தச் சர்க்கரை இருக்கிறதே, எங்களுக்கு ஒட்டாதா?

தென்காசி, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
நல்ல கேள்வி. வெள்ளைக்கழிச்சல் மனிதருக்கு வந்தால் பெரும்பாலும் லேசான கண்வலியோடு போய்விடும். பறவைக் காய்ச்சல் வேறு விஷயம். சயாலிக் அமிலம் அடுத்த சர்க்கரையோடு இணையும் முக்கிய விதங்கள் இரண்டு: ஆல்ஃபா 2,3, ஆல்ஃபா 2,6. பறவைக் காய்ச்சல் வைரஸ் ஆல்ஃபா 2,3 இணைப்பை விரும்பும், மனிதக் காய்ச்சல் வைரஸ் 2,6 இணைப்பை விரும்பும். நம் மூக்கு, தொண்டைப் பகுதியில் 2,6 அதிகம். 2,3 நுரையீரலின் ஆழத்தில் இருக்கிறது. பறவைக் காய்ச்சல் மனிதரிடையே எளிதாகப் பரவாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதற்காகச் செத்த கோழியை வெறுங்கையால் தொடாதீர்கள். கூட்டமாகச் செத்தால் உடனே கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

பாளை மாணவி:
ஐயா சொன்ன சோதனையைச் செய்துவிட்டேன். மேல் நீர் புதுச் சிவப்பணுவை நன்றாகத் திரட்டியது. வைரஸ் அப்படியே இருக்கிறது! பழைய சிவப்பணுவில் எவ்வளவு புது வைரஸ் சேர்த்தும் திரளவே இல்லை. குளிரில் வைத்த பிளேட்டில் 1:128 அசையாமல் நிற்கிறது.

இப்போது வேறு கவலை. எச்.ஐ. சோதனையில் பட்டன் தெரிந்தால் சீரம் வைரஸைத் தடுத்தது என்று அர்த்தம். கலைந்தாலும் பட்டன்தானே வரும்?

தென்காசி, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
ஆமாம்மா, ஆபத்து அங்கேதான். எதிர்ப்பொருளே இல்லாத கோழியையும் பாதுகாப்பானது என்று எழுதிவிடுவோம். அந்தக் கிராமத்துக்குத் தடுப்பூசி தள்ளிப்போகும், நோய் வந்தால் கூண்டோடு போகும். அதனால் எச்.ஐ. பிளேட்டிலும் சிவப்பணு சேர்த்த பிறகு 4 டிகிரிதான். ஒவ்வொரு பிளேட்டிலும் வைரஸ் மட்டும் உள்ள குழி ஒன்று, எதிர்ப்பொருள் இல்லாத சீரம் போட்ட குழி ஒன்று வையுங்கள். படிக்கும் நேரத்தில் அவை இரண்டும் திரண்டு நிற்க வேண்டும். கலைந்திருந்தால் அந்தப் பிளேட்டின் எந்த எண்ணையும் எழுதாதீர்கள். பட்டனா இல்லையா என்று சந்தேகம் வந்தால் பிளேட்டைச் சாயுங்கள், உண்மையான பட்டன் கண்ணீர்த் துளிபோல வழியும்.

அம்பை ஆய்வக உதவியாளர்:
கரண்ட் போகும் நேரத்துக்கு ஒரு யோசனை. தெர்மாக்கோல் பெட்டியில் ஐஸ் பேக் போட்டு, மேலே ஒரு தட்டு வைத்து, அதன்மேல் பிளேட்டைச் சமமாக வையுங்கள். தெர்மாமீட்டரும் உள்ளே இருக்கட்டும். பிளேட் சாய்ந்திருந்தால் பட்டன் ஒருபக்கமாக உட்காரும்.

பாளை மாணவி:
நன்றி அண்ணாச்சி, நன்றி ஐயா. வெயிலில் படித்த களக்காட்டுச் சீரங்களையெல்லாம் திரும்பப் போடுகிறேன். ஃப்ரீசரில் மிச்சம் இருக்கிறது.