மார்கழியில் பிக்கப் மைலேஜ் இறங்குது: ஏர் இன்டேக் கிட் போட்டா சரியாகுமா?

பாலாடா பிக்கப் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஊட்டி பக்கத்துல இருக்கற முத்தோரை பாலாடாவிலிருந்து எழுதறேன். என்கிட்ட இருக்கறது 2018 பொலிரோ பிக்கப், பிஎஸ்-4, 2523 சிசி டர்போ டீசல். செகண்ட் ஹேண்ட்ல வாங்கி ரெண்டு வருஷம் ஆகுது. இப்ப 1,36,000 கி.மீ. ஓடியிருக்கு.

ராத்திரி தோட்டத்துல இருந்து கேரட் மூட்டை ஏத்தி கழுவற மிஷினுக்குக் கொண்டு போவேன். அது 3, 4 கி.மீ. தூரம்தான், ஆனா ஒரு ராத்திரிக்கு நாலஞ்சு நடை வரும். கழுவி மூட்டை பிடிச்சதும் விடியறதுக்கு முன்னாடி கோத்தகிரி வழியா மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிடுவேன். திரும்பறப்ப குன்னூர் வழி. பெரும்பாலும் காலி வண்டி, சில நாள் உரம் வரும்.

மைலேஜ் கணக்கை டைரியில எழுதி வெச்சுட்டு வர்றேன். ஒரே பங்க், ஒரே பம்பு, ஃபுல் டேங்க்ல இருந்து அடுத்த ஃபுல் டேங்க் வரைக்கும். செப்டம்பர், அக்டோபர்ல லிட்டருக்கு 11.8, 12 கிடைச்சது. நீர்ப்பனி ஆரம்பிச்சப்ப 11-க்கு இறங்குச்சு. டிசம்பர்ல உறைபனி விழ ஆரம்பிச்சதும் 9.9, 10.1. பாதை மாறல, லோடு மாறல, ஓட்டறதும் நான் ஒருத்தன்தான். ஒரு நாளைக்கு 2 லிட்டருக்கு மேல கூடுதலாப் போகுது. கேரட் வாடகை மட்டும் அப்படியே நிக்குது.

கோயம்புத்தூர்ல ஒரு கடையில கேட்டேன். "உங்க ஊர்ல காத்து கம்மி, அதனாலதான் வண்டி டீசல் குடிக்குது. இன்ஜினுக்குக் காத்து போற வழியில ஏர் இன்டேக் கிட், அதாவது கோன் ஃபில்டரும் அலுமினிய பைப்பும் போட்டுட்டா லிட்டருக்கு 2 கி.மீ. கூடும்"னு சொன்னாங்க. மொத்தம் 9,500 ரூபாய். பின் டயர் மாத்தறதுக்குன்னு எடுத்து வெச்ச பணம் அவ்வளவு இருக்கு. அதை எடுத்து இதுல போடலாமா? மலையில ஓட்டறவங்க யாராவது போட்டுப் பார்த்திருந்தா சொல்லுங்க.

கோத்தகிரி தேயிலை வண்டி எழுதியது:

அண்ணா, பணத்தைக் குடுத்துடாதீங்க. அதே மாதிரி கிட் ஒன்னை என் வண்டியில போட்டு ஒன்றரை வருஷம் ஓட்டினேன். சத்தம் நல்லா இருந்துச்சு, டர்போ விசில் கேபினுக்குள்ளயே கேட்கும். அந்தச் சத்தத்துக்கே கால் தானா இன்னும் கொஞ்சம் அமுக்கும். மைலேஜ் ஒரு புள்ளி கூட ஏறல.

கம்பெனி ஃபில்டர் பெட்டி மூடி இருக்கும், வெளிக்காத்தை முன்பக்கத்துல இருந்து இழுக்கும். நான் போட்ட கோன் பானெட்டுக்குள்ள திறந்த மேனிக்கு உட்கார்ந்திருந்துச்சு, இன்ஜின் சூட்டைத்தான் இழுத்துச்சு. ஒரு நாள் ஃபில்டரைக் கழட்டி, அதுக்கு அந்தப்பக்கம் டர்போவுக்குப் போற பைப்புல விரல் விட்டுத் தேச்சுப் பார்த்தேன். விரல்ல செம்மண் மாவா ஒட்டுச்சு. தோட்டத்து மண்ரோட்டுத் தூசி. அது சுத்தமா இருக்க வேண்டிய பக்கம். அன்னிக்கே பழைய பெட்டியை மாட்டிட்டேன்.

குன்னூர் பட்டறை எழுதியது:

தம்பி, டைரி எழுதி வைத்திருக்கிறீர்களே, அது பெரிய விஷயம். என் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் "மைலேஜ் கம்மி" என்பார்கள். எவ்வளவு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உங்கள் டைரியிலேயே பதில் இருக்கிறது என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

மேலே காற்று கம்மி என்று கடைக்காரர் சொன்னது உண்மை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்குதான் இங்கே. ஆனால் அந்த முக்கால் பங்கு செப்டம்பரிலும் முக்கால்தான், டிசம்பரிலும் முக்கால்தான். இன்னும் சொன்னால், குளிர்ந்த காற்று அடர்த்தியானது. 25 டிகிரியில் இருப்பதைவிட 5 டிகிரியில் காற்று 7 சதவீதம் அடர்த்தி கூடும். அப்படியென்றால் உங்கள் இன்ஜினுக்கு வருஷத்திலேயே அதிகக் காற்று கிடைப்பது இந்த மார்கழி இரவில்தான். காற்றுப் பற்றாக்குறைதான் காரணம் என்றால் இப்போது மைலேஜ் ஏறியிருக்க வேண்டும். இறங்குகிறது. ஆகவே நோய் வேறு இடத்தில் இருக்கிறது.

டீசல் இன்ஜின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் டீசலின் அளவை வைத்துத்தான். காற்று எப்போதும் தேவைக்கு மேலேயே உள்ளே போகும், டர்போ வேறு தள்ளுகிறது. காற்று போதவில்லை என்றால் அதற்கு ஓர் அடையாளம் உண்டு: லோடோடு ஏற்றத்தில் முழுசாக மிதிக்கும்போது கறுப்புப் புகை வரும். உங்களுக்கு வருகிறதா? வந்தால் 9,500 வேண்டாம், சாதாரண பேப்பர் ஃபில்டரை மாற்றி, டர்போ ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

என் சந்தேகம் எல்லாம் சூட்டைப் பற்றியது. இன்ஜின் அதற்குரிய சூட்டுக்கு வராமலே ஓடுகிறது என்று நினைக்கிறேன். சூடு ஏறாத இன்ஜினில் ஆயில் கெட்டியாக இருக்கும், சிலிண்டர் சுவர் எரிகிற சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், டீசல் முழுசாக எரியாது. கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கிற தண்ணீர்) சூட்டை அளக்கிற சென்சார் "இன்னும் குளிர்" என்று சொல்லிக்கொண்டே இருப்பதால் இன்ஜின் கம்ப்யூட்டரும் ஸ்டார்ட் பண்ணின நேரத்தில் கொடுக்கிற மாதிரி டீசலைக் கூட்டிக் கொடுக்கும். கியர்பாக்ஸ் ஆயிலும், பின் ஆக்சிலில் இருக்கிற கிரௌன் ஆயிலும் பனியில் தேன் மாதிரி இருக்கும். 4 கி.மீ. நடையில் அவை இளகுவதற்குள் இன்ஜினை நிறுத்திவிடுகிறீர்கள். மறுபடி மூட்டை ஏற்றும்போது ஆறிப்போகும். ஒரு ராத்திரியில் நாலஞ்சு தடவை இதுவே நடக்கிறது.

இப்போது முக்கியமான சோதனை. செகண்ட் ஹேண்ட் வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். நம் மலையில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுகிற வழியில், பர்லியார் ஏற்றத்தில் வண்டி ஹீட் ஆகிறது என்று வந்தால், ஏன் ஹீட் ஆகிறது என்று பார்க்காமல் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு அனுப்புகிறார்கள். அந்த வால்வின் வேலையே இன்ஜின் 80 டிகிரிப் பக்கம் வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் நிறுத்துவதுதான். அது இல்லாவிட்டால் ஸ்டார்ட் பண்ணின நொடியிலிருந்து கூலன்ட் ரேடியேட்டருக்குள் ஓடி ஆறிக்கொண்டே இருக்கும். கீழே சமவெளியில் இது பெரிதாகத் தெரியாது. உறைபனியில் இன்ஜின் சூடே பிடிக்காது. சில இன்ஜின்களில் வால்வு இல்லாவிட்டால் கூலன்ட் ரேடியேட்டருக்கு முழுசாகப் போகாமல் பக்கவழியிலேயே சுற்றி, ஏற்றத்தில் ஹீட் இன்னும் அதிகமாகவும் ஆகும்.

ராத்திரி முதல் ஸ்டார்ட்டில் பாருங்கள். பானெட்டைத் திறந்து, ஃபேனிலிருந்து கையைத் தள்ளி வைத்து, இன்ஜினிலிருந்து ரேடியேட்டரின் மேல்பக்கம் போகிற தடித்த ரப்பர் ஹோஸைத் தொடுங்கள். வால்வு நன்றாக இருந்தால் அந்த ஹோஸ் இன்ஜின் சூடாகும்வரை ஜில்லென்றே இருக்கும், சூடானபின் ஒரே மூச்சில் கை வைக்க முடியாத சூடாகும். ஸ்டார்ட் பண்ணின கொஞ்ச நேரத்திலேயே, இன்ஜின் சூடாகும் முன்பே லேசாக வெதுவெதுப்பாகி, அதே வெதுவெதுப்பிலேயே நின்றால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது. ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டில் திறக்காதீர்கள்.

இன்னொன்று கேட்கிறேன். மூட்டை ஏற்றும்போது குளிருக்காக இன்ஜினை ஓடவிட்டு நிறுத்துகிறீர்களா? நின்ற இடத்தில் இன்ஜின் சூடாகவும் ஆகாது, டீசல் மட்டும் போகும். ஸ்டார்ட் பண்ணி அரை நிமிஷம், ஒரு நிமிஷம் விட்டு, மெதுவாக நகர்த்தி ஓட்டுங்கள். அதுதான் சீக்கிரம் சூடாகும்.

ஊட்டி ஃபிங்கர்போஸ்ட் எழுதியது:

பட்டறை அண்ணன் சொன்னதற்குக் கூடுதலாக ஒரு கணக்கு. அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் ஏர் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து வண்டிகளை ஓட்டிப் பார்த்தது. ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் உள்ள புதிய பெட்ரோல் கார்களில் மைலேஜ் மாறவில்லை, இழுவை மட்டும் குறைந்தது. அடைத்த ஃபில்டரே மைலேஜைக் கெடுக்கவில்லை என்றால், நல்ல ஃபில்டரை எடுத்துவிட்டு விலை அதிகமான ஒன்றைப் போட்டு எப்படிக் கூடும்? அந்த நாட்டு எரிசக்தித் துறை சொல்கிற இன்னொரு கணக்கும் இருக்கிறது. பெட்ரோல் கார் 25 டிகிரியில் கொடுக்கிற நகர மைலேஜில், மைனஸ் 7 டிகிரியில் சுமார் 15 சதவீதம் குறையும். 5, 6 கி.மீ. ஓடி நிறுத்துகிற பயணமாக இருந்தால் 24 சதவீதம் வரை. உங்கள் தோட்ட நடை அந்த வகைதான்.

என் தங்கை வீட்டுக்காரர் மினசோட்டாவில் பெரிய பெட்ரோல் பிக்கப் வைத்திருக்கிறார். அவரும் இன்டேக் கிட் போட்டவர்தான். குளிர்காலத்தில் அது ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட்டு, ராத்திரி இன்ஜினைக் கரண்டில் சூடுபண்ணுகிற ஹீட்டரைச் செருகிவைக்கிறார். அங்கேயும் சண்டை குளிர்ந்த இரும்போடுதான்.

டயரையும் பாருங்கள். மேட்டுப்பாளையத்தில் பகல் வெயிலில் காற்று 60 பாயின்ட் பிடித்தால், பாலாடாவில் பனியில் 56, 57-தான் காட்டும். குளிர் 6 பாயின்ட்டுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால், அதில் ஏறக்குறைய பாதி காற்று அளக்கிற மீட்டரில் திரும்ப வருகிறது. வண்டி நிற்கிற இடத்திலேயே, டயர் ஆறியபின் அளந்து பிடியுங்கள்.

பாலாடா பிக்கப் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 12 நாள் கழிச்சு எழுதறேன், கணக்கு பார்த்துட்டு எழுதணும்னுதான் பொறுத்தேன்.

பட்டறை அண்ணா, நீங்க எழுதின அன்னிக்கு ராத்திரி 1 மணிக்கே பார்த்தேன். பானெட் மேல உப்புத் தூவின மாதிரி பனி உறைஞ்சு கிடந்துச்சு. ஸ்டார்ட் பண்ணி ஹோஸைப் பிடிச்சேன். கொஞ்ச நேரத்துலயே வெதுவெதுன்னு ஆயிடுச்சு. இன்னும் 10 நிமிஷம் பிடிச்சுட்டே நின்னேன், அதுக்கு மேல ஏறவே இல்ல. டேஷ்போர்டுல இன்ஜின் சூட்டைக் காட்டற முள் அடியை விட்டு நகரல. இத்தனை நாள் அந்த முள் கீழ இருந்தா நல்லதுன்னுதான் நினைச்சுட்டு இருந்தேன்.

அடுத்த நாள் மெக்கானிக்கிட்ட ஹவுஸிங்கைக் கழட்டச் சொன்னேன். உள்ள வால்வே இல்ல. வளையம் உட்கார்ற இடத்துல பேஸ்ட் மட்டும் தடவி மூடியிருந்தாங்க. முன்னாடி வெச்சிருந்தவருக்கு போன் பண்ணிக் கேட்டேன், பர்லியார் ஏத்தத்துல ஹீட் ஆச்சு, அதான் எடுத்தோம்னு ஒத்துக்கிட்டார். ரேடியேட்டரையும் இறக்கிப் பார்த்தோம். கீழ் வரிசைக் குழாய் எல்லாம் துரு அடைச்சிருந்துச்சு. ராடு விட்டு சுத்தம் பண்ணி, கம்பெனி தெர்மோஸ்டாட், புது கூலன்ட் போட்டாச்சு. கூலியோட மொத்தம் 3,400 ரூபாய். கறுப்புப் புகை கேட்டிருந்தீங்க, அது வரல. ஃபில்டர் சுத்தமாத்தான் இருந்துச்சு.

மூட்டை ஏத்தறப்ப இன்ஜினை ஓடவிடற பழக்கம் எனக்கு இருந்துச்சு, ஒரு ராத்திரிக்கு முக்கால் மணி நேரம் வரும். அதை நிறுத்திட்டேன். நாலஞ்சு நடையையும் இடைவெளி விடாம அடுத்தடுத்து அடிக்கறேன், ஏத்தற பசங்க கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்.

மூணு ஃபுல் டேங்க் கணக்கு: 10.8, 11.2, 11.1. அக்டோபர் கணக்கு இன்னும் வரல, பனியும் இன்னும் விடல. காலையில ஸ்டார்ட் பண்ணா வர்ற வெள்ளைப் புகையும் அந்த டீசல் வாடையும் பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு. குன்னூர் ஏத்தத்துல முள் நடுவுல நிக்குது, அதுக்கு மேல போகல. மிச்சப் பணத்துல ஒரு பின் டயர் வாங்கிட்டேன். இன்னொன்னு பொங்கல் கழிச்சு.

கோத்தகிரி தம்பி, அந்தப் பைப்புல விரல் விட்டுப் பார்க்கற சோதனையையும் பண்ணேன். விரல் சுத்தமா வந்துச்சு.

பட்டறை அண்ணா, ஒன்னு மட்டும் கேக்கணும். கிரௌன் ஆயில் மாத்தி 50,000 கி.மீ.க்கு மேல ஆச்சு. எந்த கிரேடு போடணும்? மலைக்குன்னு தனியா ஏதாவது இருக்கா, இல்ல மேனுவல்ல இருக்கறதே போதுமா?

குன்னூர் பட்டறை எழுதியது:

மேனுவலில் இருக்கிறதே போதும் தம்பி, அதைவிடக் கெட்டியானதை யார் சொன்னாலும் போடாதீர்கள். வண்டி ஓடி வந்து சூடாக இருக்கும்போதே பழைய ஆயிலை இறக்குங்கள், அடியில் படிந்த இரும்புத் தூளும் சேர்ந்து வந்துவிடும். டிரெய்ன் போல்ட்டில் காந்தம் இருந்தால் துடைத்துப் பாருங்கள். மாவு மாதிரி இருந்தால் பயமில்லை. சில்லு சில்லாக இருந்தால் வண்டியை என்னிடம் கொண்டு வாருங்கள்.