வண்ணத்துப்பூச்சி மீனை வீட்டுத் தொட்டியில் வைக்கலாமா?

அலைமகன்:
என்னுடையது 450 லிட்டர் கடல்நீர்த் தொட்டி. இரண்டு வருடமாக ஓடுகிறது. ஒரு ஜோடி க்ளவுன் மீன், ஒரு ராயல் கிராமா மீன், கொஞ்சம் ஸோவா பவளம், காளான் பவளம், ஒரு ஹாமர் பவளம், அவ்வளவுதான் உள்ளே. ஆறு மாதமாக ஐப்டேசியா தொல்லை, களை போலப் பரவும் சின்ன கடல் அனிமோன். ஒன்றைக் கொன்றால் பக்கத்தில் நான்கு முளைக்கிறது. காப்பர்பேண்ட் வண்ணத்துப்பூச்சி மீன் இதைத் தேடித் தேடித் தின்னும் என்கிறார்கள். கடையில் ஒன்றைப் பார்த்தேன். ஆரஞ்சுப் பட்டைகள், ஊசி போன்ற நீண்ட வாய், முதுகுத் துடுப்பில் கண்ணைப் போல ஒரு கறுப்புப் புள்ளி. அதிலிருந்து வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை. வாங்கலாமா?

நெய்தல்:
வாங்காதீர்கள். நான் இரண்டு வாங்கியவன். முதலாவது 19 நாள் இருந்தது. இரண்டாவது ஐந்து வாரம். இரண்டுமே நோயில் சாகவில்லை, பட்டினியில் செத்தன. நாள் முழுக்கப் பாறையைக் கொத்திக்கொண்டே இருக்கும். பார்ப்பவருக்கு நன்றாகச் சாப்பிடுவது போலத் தெரியும். ஆனால் தலைக்குப் பின்னால் முதுகுச் சதை வற்றிக்கொண்டே வரும். அது கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். கடைக்கு வரும் வண்ணத்துப்பூச்சி மீன்களில் அநேகமாக எல்லாமே கடலில் பிடித்தவை. பாறை இடுக்கில் இருக்கும் புழுவையும் சின்னச் சின்ன உயிர்களையும் தின்று வாழ்ந்த மீனை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டு, உறைந்த ஆர்டீமியா இறால் தீனியைத் தின் என்றால் எத்தனை மீன் தின்னும்? இந்தக் குடும்பத்தையே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து.

உப்புக்காற்று:
நெய்தல், உங்கள் இழப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் 'இந்தக் குடும்பத்தையே' என்ற இடத்தில் உடன்பட முடியாது. இந்தக் குடும்பத்தில் ஏறக்குறைய 130 இனங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே சாப்பாடு இல்லை. செவ்ரான், மேயர்ஸ், ஆர்னேட் போன்றவை உயிருள்ள பவளத்தை மட்டுமே நம்பி வாழ்பவை. செவ்ரான் இன்னும் ஒரு படி மேலே. அக்ரோபோரா பவளம்தான் அதற்கு எல்லாமே. இவற்றை வீட்டில் வைக்கவே கூடாது. இதில் உங்களுக்கு முன்னால் நான் நிற்பேன். கடைக்காரர்கள் இவற்றை வாங்கி வைப்பதே தவறு.

ஆனால் ஆரிகாவும் ரக்கூனும் அப்படியில்லை. புழு, இறால், சிப்பி, பாசி, அனிமோன் என்று கிடைத்ததைத் தின்பவை. என்னிடம் ஒரு ஆரிகா ஒன்பது வருடமாக இருக்கிறது. ரக்கூன் ஏழு வருடம். இரண்டுமே கையிலிருந்து மைசிஸ் என்ற சின்ன இறால் தீனியை வாங்கித் தின்னும். ரக்கூனிடம் ஒரு வினோதம் உண்டு. இந்தக் குடும்பத்தில் மற்றவை பகலில் மேயும், இது இரவில் மேயும். அது தெரியாமல் முதல் இரண்டு வாரம் சாப்பிடவில்லையே என்று தவித்தேன். விளக்கை அணைத்த பிறகு தீனி போட ஆரம்பித்ததும் சரியானது. மீனைப் பற்றித் தெரியாததால் வரும் சாவை மீனின் தலையில் போடக் கூடாது.

நெய்தல்:
ஒன்பது வருடம் பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் கேள்வி ஆரிகாவைப் பற்றியது இல்லை, காப்பர்பேண்டைப் பற்றியது. உங்கள் ஆரிகாவை அலைமகன் தொட்டியில் விட்டால் ஒரே வாரத்தில் ஸோவாவைத் தின்று தீர்த்துவிடும், ஹாமரையும் விடாது. அப்புறம் இன்னொன்று. பிழைத்த மீனை வைத்திருப்பவர்தான் வந்து எழுதுகிறார். மூன்று வாரத்தில் இழந்தவர் பேசாமல் அடுத்த மீனை வாங்கப் போய்விடுகிறார். அதனால்தான் இந்த மீன் உண்மையில் இருப்பதை விட எளிதாகத் தெரிகிறது.

சிப்பி:
நான் இரண்டு பேருக்கும் நடுவில் வரவில்லை. இரண்டு பேரிடமும் எனக்குச் சண்டை உண்டு.

நெய்தல், உங்கள் மீன்கள் நேராகப் பெரிய தொட்டிக்குள்தானே போயின? அங்கே க்ளவுன் மீனும் டேங் மீனும் பாய்ந்து வந்து தீனியை அள்ளிவிடும். காப்பர்பேண்ட் நிதானமாக வந்து, பார்த்து, யோசித்துக் கொத்தும் மீன். அதற்குள் தட்டு காலியாகிவிடும். நான் வாங்கியதை ஆறு வாரம் தனித்தொட்டியில் வைத்திருந்தேன். முதல் ஐந்து நாள் எதையும் தொடவில்லை. ஆறாம் நாள் உயிருள்ள சிப்பி ஒன்றைப் பிளந்து, ஒரு பாதியைக் கல்லில் சாய்த்து வைத்தேன். அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு வாயை உள்ளே விட்டது. அன்று நான் அழுதேவிட்டேன். மறுவாரம் அதே சிப்பி ஓட்டில் மைசிஸை அடைத்து வைத்தேன். அதற்கடுத்த வாரம் ஓடே தேவைப்படவில்லை. நாளைக்கு நான்கு முறை, கொஞ்சம் கொஞ்சமாக. இப்போது நான்கு வருடம் ஆகிறது.

உப்புக்காற்று, உங்களிடம் ஒன்று. புதிய மீன் எதுவானாலும் ஒட்டுண்ணியைக் கொல்லும் செம்பு மருந்து போட வேண்டும் என்று முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். வண்ணத்துப்பூச்சி மீனுக்கு அதை அப்படியே சொல்வது ஆபத்து. செம்பு பட்டால் பல மீன்கள் சாப்பாட்டை நிறுத்திவிடும். ஏற்கெனவே சாப்பிடத் தயங்கும் மீனுக்கு அதுவே முடிவாகிவிடலாம். முதலில் சாப்பிட வையுங்கள். செவுள் புழுவுக்கு பிராசிகுவான்டல் என்ற மருந்து கொடுங்கள். வெள்ளைப்புள்ளி, வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய்கள் தெரிந்தால் மட்டும் செம்பு, அதுவும் அளவை மெதுவாக ஏற்றி.

உப்புக்காற்று:
ஏற்க மாட்டேன். வெல்வெட் கண்ணுக்குத் தெரியும்போது செவுளுக்குள் வேலையை முடித்திருக்கும். இரண்டு மூன்று நாளில் தொட்டியே காலி. நான் இழந்த ஒரே கூட்டம் அப்படித்தான் போனது. பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். மெதுவாக ஏற்றுங்கள், அதில் சண்டையில்லை. ஆனால் தவிர்க்காதீர்கள்.

சிப்பி:
நீங்கள் கூட்டத்தை இழந்தவர், அதனால் அப்படிச் சொல்கிறீர்கள். நான் செம்பில் ஒரு மீனை இழந்தவள். இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன்.

அலைமகன்:
இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, நன்றி. காப்பர்பேண்ட் இல்லாவிட்டால் அதே குடும்பத்துப் பேனர்ஃபிஷ் வைக்கலாமா? பவளத்தைத் தொடாது என்று படித்தேன்.

உப்புக்காற்று:
பேனர் என்ற பெயரில் இரண்டு மீன்கள் ஒன்றுபோலவே வரும், கவனம். கூட்டமாக வாழ்ந்து நீரில் மிதக்கும் நுண்ணுயிரைத் தின்பது ஹெனியோகஸ் டிஃப்ரூடஸ். அது பவளம் வளர்க்கும் ரீஃப் தொட்டிக்கு நல்லது. ஹெனியோகஸ் அக்யூமினேட்டஸ் வளர்ந்ததும் ஜோடியாகத் திரியும், பவளத்தைக் கொத்தவும் கொத்தும். முதுகு முள்ளை எண்ணினால் முதலாவதற்குப் பெரும்பாலும் 12, இரண்டாவதற்கு 11. ஆனால் கூட்ட மீனை ஒற்றையாக வைப்பது சரியில்லை, மூன்று நான்கு வைக்க 450 லிட்டர் போதாது. உங்கள் தொட்டிக்கு நான் சொல்ல மாட்டேன்.

நெய்தல்:
அலைமகன், உங்களுக்கு உண்மையில் வேண்டியது மீனா, ஐப்டேசியா ஒழிய வேண்டுமா? அதைப் பிரித்துப் பாருங்கள். ஐப்டேசியாவுக்கு பெர்கியா என்ற கடல்நத்தை இருக்கிறது. ஓடில்லாதது, விரல் நகத்தளவு. ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது. அது வளர்ப்பிலேயே பெருகுகிறது, கடலிலிருந்து பிடிக்க வேண்டியதில்லை. பெப்பர்மின்ட் இறாலும் தின்னும், ஆனால் ஒவ்வொரு இறாலும் ஒவ்வொரு மாதிரி, சிலது திரும்பியே பார்க்காது. ஐப்டேசியா தீர்ந்ததும் பெர்கியாவுக்குச் சாப்பாடு இருக்காது, அப்போது தொல்லை இருக்கும் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுங்கள். காப்பர்பேண்டும் ஐப்டேசியா தின்னும், ஆனால் ஒவ்வொரு மீனும் தின்னும் என்று சொல்ல முடியாது. தின்று முடித்தால் அதற்கடுத்த பத்து வருடம் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. களை எடுக்க ஒரு உயிரை வாங்கக் கூடாது.

எனக்கு இதில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், பிடிக்கும் முறை. 1960களிலிருந்து பிலிப்பைன்ஸ் பகுதியில் சயனைடு கரைசலைப் பாறை இடுக்கில் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிப்பது நடந்திருக்கிறது. அங்கே பவளமும் சாகிறது, மீனின் உள்ளுறுப்பும் கெடுகிறது. கடையில் துள்ளிக்கொண்டிருக்கும் மீன் வீட்டுக்கு வந்து வாடுவதற்கு அதுவும் ஒரு காரணம். என் இரண்டு மீன்களில் ஒன்று அப்படியிருக்குமோ என்று இன்றும் நினைப்பேன். கடைக்காரரிடம் கேட்டேன், எங்கே பிடித்தது என்றே அவருக்குத் தெரியவில்லை.

சிப்பி:
கேட்க வேண்டும், நெய்தல் சொல்வது சரி. வலையில் பிடித்தது என்று சொல்லத் தெரிந்தவரிடம் மட்டும் வாங்க வேண்டும். ஆனால் வலைவீசிப் பிடித்து வாழும் ஆட்களுக்குப் பவளம் உயிரோடு இருந்தால்தான் பிழைப்பு. எல்லோரும் வாங்குவதை நிறுத்தினால் அவர்களுக்கு அந்தப் பாறையைக் காக்க என்ன காரணம் மிஞ்சும்? இதையும் யோசியுங்கள்.

நெய்தல்:
யோசித்திருக்கிறேன். பவளம் வெளுத்துச் செத்த இடங்களில் பவளந்தின்னி வண்ணத்துப்பூச்சி மீன்கள் வேகமாகக் குறைகின்றன. ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கும் மீனை எடுக்க வேண்டாம் என்கிறேன். அலைமகனின் காப்பர்பேண்ட் அந்த வகையில்லைதான், அதை ஒப்புக்கொள்கிறேன்.

அலைமகன்:
முதலில் பெர்கியா வாங்குகிறேன். மீனை மறக்க முடியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நாளை கடைக்குப் போய் என் கண்முன்னே தீனி போடச் சொல்லப் போகிறேன்.

சிப்பி:
ஒரு நாள் போதாது. மூன்று நாள், வேறு வேறு நேரம் போய்ப் பாருங்கள். மேலிருந்தும் பாருங்கள், முதுகு கத்தி மாதிரி ஒடுங்கியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். வாங்குவதற்கு முன்னால் தனித்தொட்டி தயாராக இருக்க வேண்டும்.

நெய்தல்:
மூன்று நாளும் உறைந்த தீனியைத் தின்றால் இங்கே வந்து எழுதுங்கள். அப்போதும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் வாங்கிவிட்டீர்கள் என்றால் உயிருள்ள சிப்பியைப் பிளந்து வைப்பது எப்படி என்று என்னிடமும் கேட்கலாம். கடைசி வாரத்தில் நானும் அதைச் செய்து பார்த்தேன், அப்போது நேரம் கடந்துவிட்டது.